வாரமா, மாதமா, போகமா: வன்னியில் இருந்து ஒரு பொட்காஸ்டை விடாமல் நடத்துவது எப்படி

இணையத்தில் போடும் குரல் நிகழ்ச்சியான பொட்காஸ்ட் தொடங்க ஒரு ஃபோனும் சத்தமில்லாத ஓர் அறையும் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஃபோன் எல்லோரிடமும் இருக்கிறது. சத்தமில்லாத அறை என்பது வன்னியில் கொஞ்சம் பெரிய ஆசை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேளாது. மழை இல்லாத நாளில் மயில் அகவும், லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம் போகும், கோயில் ஒலிபெருக்கி பாடும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். முதல் மூன்று நான்கு எபிசோட் வரைக்கும் உற்சாகமே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகுதான் சிக்கல். கந்தோர் வேலையும் பிள்ளைகளின் ரியூசனும் வயலும் உள்ள ஒரு வீட்டில் இதை எந்த ஒழுங்கில் நடத்தினால் அடுத்த வருசமும் நடக்கும்?

இதைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், சங்கங்களில் வேலை செய்யும் பொடியள். முதலில் கேட்பது எந்த மைக் நல்லது என்றுதான். ஐயாயிரம் ரூபாய்க்கும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். காசு இருந்தால் கண்டென்சர் மைக்கை விட்டுவிட்டு டைனமிக் மைக் வாங்குங்கள், அது முற்றத்துச் சத்தத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். மைக் கதை இத்தோடு சரி. வாராவாரம் போடுவதா, மாதத்துக்கு ஒன்றா, பருவமாகப் பிரித்தா, கூட்டாகவா, வட்ஸ்அப்பிலா என்ற தெரிவில்தான் ஒரு நிகழ்ச்சி உயிரோடு இருப்பதும் சாவதும் இருக்கிறது.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். அரை மணி நேர எபிசோட் ஒன்றுக்கு ஆளைப் பிடித்து நாள் குறிக்க ஒரு மணி நேரம் போகும். கிளிநொச்சியில் இருந்து மல்லாவிக்கோ முழங்காவிலுக்கோ போய்ப் பதிந்துகொண்டு வருவதென்றால் குறைந்தது இரண்டு மணி நேரம். திருத்தித் தொகுக்க மூன்று. தலைப்பு, விபரம், படம், பதிவேற்றம் என்று இன்னும் ஒன்று. மொத்தம் ஏழு மணி நேரம். வாராவாரம் என்றால் வருசத்துக்கு 364 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 45 நாளுக்கு மேல் வருகிறது. சம்பளமில்லாமல், ஒன்றரை மாதத்துக்கும் மேலே.

அந்த 45 நாளும் எங்கிருந்து வருகின்றன? கந்தோர் எட்டரைக்குத் தொடங்கி நாலே காலுக்கு முடியும். வீட்டுக்கு வந்தால் பிள்ளையை ரியூசனில் இருந்து ஏற்ற வேண்டும், தண்ணி மோட்டரைப் பார்க்க வேண்டும், யாராவது வீட்டில் செத்த வீடோ சாமத்திய வீடோ இருக்கும். மிஞ்சுவது இரவு ஒன்பதரைக்குப் பிறகும் விடிய நாலரைக்குப் பிறகும்தான். விடியப்புறம் பதிவுக்கு நல்ல நேரம், மார்கழி தவிர. மார்கழியில் திருவெம்பாவை உங்களுக்கு முதலே எழும்பிவிடும்.

வாராந்த நிகழ்ச்சியின் மேல் எங்களுக்கு உள்ள மயக்கத்துக்குக் காரணம் ரேடியோ. யுத்த காலத்தில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். பிபிசி தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு ஒருவர் பெடலில் இருப்பார், மற்றவர்கள் சுற்றிவர இருப்பார்கள். குறித்த நேரத்துக்குக் குரல் வரவேண்டும் என்பது அப்படிப் பழகிய காது. அந்தத் தமிழோசை 1941இல் தொடங்கி 2017இல் சிற்றலையில் நிற்கும்வரை தவறாமல் வந்ததென்றால் அதன் பின்னால் ஒரு நிறுவனமும் சம்பளம் வாங்கும் ஆட்களும் இருந்தார்கள். எங்கள் நிகழ்ச்சிக்குப் பின்னால் இருப்பது நாங்களும் ஒரு லப்டொப்பும். ரேடியோவின் ஒழுங்கை அப்படியே எடுத்தால் வீடு குழம்பும். “என்னப்பா, ஞாயிற்றுக்கிழமையும் உந்த மைக்கோடதானோ?” என்ற கேள்வி எந்த வீட்டிலும் இரண்டாவது மாதத்துக்குள் வந்துவிடும். அதற்குச் சரியான மறுமொழி யாரிடமும் கிடையாது.

ஆனாலும் வாராந்தம் யாருக்குச் சரிவரும் என்று சொல்லத்தான் வேண்டும். தனியாளாகக் கதைக்கிறவருக்கு, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதவருக்கு, திருத்தமே செய்யாமல் ஒரே மூச்சில் பதிந்து போடக்கூடியவருக்குச் சரிவரும். பயணமும் இல்லை, விருந்தினரும் இல்லை, ஏழு மணி நேரம் ஒன்றரையாகச் சுருங்கும். ஒரு பாட விளக்கம், ஒரு பழைய கதை, பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு என்றால் இது நல்ல தெரிவு. மற்றவர்கள் கதையை எடுக்கப் புறப்பட்டவருக்கு இது பொறி.

மாதத்துக்கு ஒன்று என்பது கேட்கும்போது நியாயமாகத் தெரியும். நடைமுறையில் வழுக்கும். மாதக் கடைசியில் ஒரு காய்ச்சல் வந்தால் அது அடுத்த மாதத்துக்குப் போகும், பிறகு ஒன்றரை மாதமாகும், பிறகு ‘இப்ப போடேல்லையோ?’ என்று கேட்பதற்கும் ஆளிராது. முப்பது நாள் இடைவெளியில் கேட்பவரும் மறக்கிறார், செய்கிறவருக்கும் கை விட்டுப்போகிறது. ஒவ்வொரு முறையும் மென்பொருளைப் புதிதாகப் படிப்பதுபோல இருக்கும். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் சரியென்று நினைப்பது பருவமாகச் செய்வது. ஆறு தொடக்கம் எட்டு எபிசோட், ஒரே தலைப்பின் கீழ், முழுவதையும் பதிந்து முடித்த பிறகே முதலாவதை வெளியிடுவது. பிறகு நிறுத்திவிடுவது, அடுத்தது எப்போது என்று சொல்லிவிட்டு. இது உலகம் முழுக்க உள்ள முறைதான். ஆனால் வன்னிக்கு இது பொருந்தும் விதம் வேறு. இங்கே வாழ்க்கை ஏற்கெனவே போகத்தில்தான் ஓடுகிறது.

காலபோக விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். மழை மார்கழி வரை. தையிலும் மாசியிலும் அறுவடை. மாசிக் கடைசியில் நெல் வீட்டுக்கு வந்து, விற்க வேண்டியதை விற்று, சனம் கொஞ்சம் மூச்சு விடும். அந்த நேரத்தில் இருந்து சித்திரை வரை யாரிடம் போய்க் கேட்டாலும் இருந்து கதைப்பார்கள். சிறுபோகம் குளத்துத் தண்ணி உள்ளவர்களுக்கு மட்டும்தான். இரணைமடுக் குளத்தின் கீழே என்றாலும் அந்த வருசம் எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவானால்தான் தெரியும். எனவே முதலாவது பதிவுக்காலம் மாசிக் கடைசி தொடக்கம் சித்திரை. இரண்டாவது, ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறையைச் சுற்றி. பிள்ளைகளும் வீட்டில் நிற்பார்கள், வெயிலாக இருக்கும், கூரையில் சத்தம் இருக்காது.

இனி முக்கியமான விசயம். பதிய நல்ல காலமும் கேட்க நல்ல காலமும் இங்கே ஒன்றல்ல. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பதிவுக்கு உதவாத காலம், மழைச் சத்தம், ஈரம், வழுக்கும் ஒழுங்கைகள், திடீர் வெள்ளம். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்து வீடுகளை விட்டுச் சனம் வெளியேறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படியான ஒரு கிழமையில் ‘இந்த வார எபிசோட்’ என்று எவர் நினைப்பார்? ஆனால் அதே மூன்று மாதமும் சனம் மாலை ஆறு மணிக்கே வீட்டுக்குள் அடையும் காலம். கேட்பதற்கு நேரம் இருக்கும் காலம். ஆவணியில் பதிந்து வைத்திருந்தால் ஐப்பசி முதலாம் கிழமை தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் தானாக வெளியாகும்படி திகதி போட்டு வைக்கலாம். எல்லாப் பொட்காஸ்ட் தளத்திலும் அந்த வசதி உண்டு. லைன் இல்லாவிட்டாலும் கரண்ட் போனாலும் எபிசோட் போகும். கரண்டைப் பற்றிச் சொன்னால், 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய நாட்களை யோசித்துப் பாருங்கள். வாராந்தம் செய்து கொண்டிருந்தவர் அப்போது என்ன செய்திருப்பார்?

எட்டு எபிசோட் என்றால் அதே கணக்கில் 56 மணி நேரம். பன்னிரண்டு கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஐந்து மணி நேரத்துக்குள். உண்மையில் அதைவிடக் குறையும். ஒட்டுசுட்டான் பக்கம் போகும் நாளில் முத்தையன்கட்டில் ஒருவரையும் முள்ளியவளையில் ஒருவரையும் சேர்த்துப் பதிந்துவிடலாம், ஒரே பெற்றோல். ஆனாலும் மணிக்கணக்கைவிடப் பெரிய லாபம் வீட்டில்தான் கிடைக்கிறது. ‘சித்திரை வருசத்தோட முடிஞ்சிடும்’ என்று சொல்ல முடிகிறது. முடிவு தெரிந்த வேலையை வீடு பொறுத்துக்கொள்ளும். அதற்காக வைகாசியில் ஒன்றும் வைக்காதீர்கள். வற்றாப்பளைப் பொங்கலும் புதூர்ப் பொங்கலும் வரும் காலம் அது, உறவுக்காரர் வந்து நிற்பார்கள், விருந்தினரும் வரமாட்டார், நீங்களும் இருக்கமாட்டீர்கள். வீட்டில் புலமைப்பரிசிலோ சாதாரணதரமோ எடுக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருசம் ஒரு பருவம் மட்டும் போதும்.

பருவ முறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நேரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. வன்னியில் நீங்கள் எந்தத் தலைப்பை எடுத்தாலும், விதைநெல்லைப் பற்றிக் கேட்டாலும், கடைசியில் கதை யுத்தத்துக்குள் போகும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையில் போய் நிற்கும். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் எத்தனை வருசம் நீண்டது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாமாரில் ஒருவர் கதைத்துக்கொண்டு போகையில், “தம்பி, உதை இப்ப போடாத. நான் யோசிச்சுச் சொல்லுறன்” என்பார். வெள்ளிக்கிழமைக்கு எபிசோட் வேண்டும் என்ற அவதியில் இருப்பவர் அந்தச் சொல்லை மதிக்க முடியாது, மதித்தால் அந்தக் கிழமை வெறுமை. பருவமாகச் செய்கிறவர் ஒலிப்பதிவைக் கொண்டுபோய்த் திரும்பப் போட்டுக் காட்டலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், ஏழோடு நிறுத்தலாம். எங்கள் இடத்தில் இந்த அவகாசம் ஆடம்பரம் அல்ல.

திருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் எந்த முறையை எடுத்தாலும் நேரத்தைத் தின்பது அதுதான். ஒலியைத் திருத்தும் ஒடாசிட்டி மென்பொருள் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். அதில் அமைதியான இடங்களைத் தானாகச் சுருக்கும் ஒரு வசதி இருக்கிறது, இருபது நிமிட வேலையை இரண்டு நிமிடமாக்கும். உங்கள் சொந்தக் குரலுக்கு அதைப் போடுங்கள். வயதான ஆட்களின் பேச்சுக்குப் போடாதீர்கள். அவர்கள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நிற்கும் இடத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. ‘ம்’, ‘அதாவது’ எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ‘ம்’மையும் வெட்டிய பேச்சு, மனிதர் கதைப்பதுபோல இருப்பதில்லை. சத்த அளவைக் கடைசியில் ஒருமுறை −16 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துங்கள், அப்பிள் சொல்லும் அளவு அதுதான். பஸ்ஸில் கேட்கிறவருக்கு அது முக்கியம். யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் நாள்தோறும் ஏ9 வீதியில் வந்து போகும் ஆசிரியர்கள்தான் எங்களுடைய நல்ல நேயர்கள், பஸ்காரர் போடும் பாட்டோடு போட்டி போட்டுக் கேட்பவர்கள் அவர்கள்.

காசு கொடுத்து எடிட் செய்விக்கலாமா என்று கேட்டால், ஊர் ஸ்ரூடியோப் பொடியள் நன்றாகச் செய்வார்கள். ஆனால் தையிலும் ஆவணியிலும் கலியாண வீடியோவுக்குள் மூழ்கிவிடுவார்கள். ஒலி மட்டும் உள்ள வேலையை அவர்கள் வேலையாகவே எடுப்பதில்லை என்பதும் உண்டு.

கூட்டாகச் செய்வது அடுத்தது. மூன்று பேர் சேர்ந்து மாறி மாறி ஒவ்வொரு எபிசோட் பொறுப்பெடுத்தால் ஒருவருக்குச் சுமை மூன்றில் ஒன்றாகும், அது கணக்கு. நடப்பில், கதைக்க எல்லோரும் வருவார்கள், திருத்த ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர் எப்போதும் அதே ஆள். கூட்டு நடக்க வேண்டுமென்றால் எபிசோடைப் பிரிக்க வேண்டாம், வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் ஆள் பிடிப்பவர், ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் திருத்துபவர். கடவுச்சொற்கள் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவருக்கு இடமாற்றம் வரும், அல்லது வெளிநாடு போவார். வன்னியில் இது எப்போதாவது நடக்கும் விசயமில்லை. பருவமும் கூட்டும் ஒன்றுக்கொன்று எதிரல்ல, என்னைக் கேட்டால் பருவத்தைத் தீர்மானித்துவிட்டு, அந்தப் பருவத்துக்கு மட்டும் கூட்டுச் சேருங்கள். அது முடிய, தொடர்வதா என்று திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். மனத்தாங்கல் இல்லாமல் ஒருவர் விலகவும் அதில் இடம் இருக்கிறது.

வீடியோவாக யூரியூப்பில் போடச் சொல்லி எல்லோரும் நெருக்குவார்கள். அதில் காசு வரும் என்பார்கள். விளம்பரப் பங்கு கிடைக்க ஆயிரம் சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒருவர் சராசரியாகப் பத்து நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் 24,000 பார்வை. முடியாதது இல்லை. ஆனால் கமெரா வந்ததும் வெளிச்சம் வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், வேலை இரட்டிக்கும், முகம் காட்ட விரும்பாதவர் கதைக்கவே மாட்டார். ஒலியை ஒரு நிலைப்படத்தோடு யூரியூப்பில் ஏற்றிவிடுவது போதும். நேயர்களிடம் காசு வாங்குவதும் இலகுவல்ல, பேபாலில் இலங்கைக் கணக்குக்குப் பணம் பெற நெடுங்காலமாக வழியில்லாமல் இருந்தது. ரொறன்ரோவில் உள்ள மாமா செலவைப் பொறுப்பெடுக்கிறேன் என்பார், நல்ல மனதோடுதான். மூன்றாவது எபிசோடில் இருந்து யாரைக் கூப்பிடுவது என்றும் அவரே சொல்வார். செலவைக் கைக்குள் அடங்கும் அளவில் வைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் வராது. ஸ்பொட்டிஃபையின் இலவசத் தளத்தில் ஏற்றினால் வாடகையே இல்லை. மூலக் கோப்புகளை மட்டும் சொந்தமாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கூகிள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது, அதற்கு முந்தைய வருசம் ஸ்ரிச்சர் என்ற பொட்காஸ்ட் ஆப் மூடப்பட்டது. பெரிய பெயர் என்று நம்பியிருக்க முடியாது.

அரச வேலையில் இருப்பவர்கள் முறையைத் தெரிவு செய்வதற்கு முன்னரே ஒன்றைப் பார்க்க வேண்டும். தாபன விதிக்கோவையில் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது பற்றிய கட்டுப்பாடுகள் உண்டு. 2022 புரட்டாசியில் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது பற்றிச் சுற்றறிக்கையும் வந்தது. உங்கள் திணைக்களத்தின் வேலையைப் பற்றி நீங்கள் கதைக்காமல் இருப்பது பாதுகாப்பு. மற்றவர் கதைக்க நீங்கள் கேள்வி மட்டும் கேட்பவராக இருக்கும் நிகழ்ச்சி இங்கேயும் உதவுகிறது.

மிஞ்சியது வட்ஸ்அப். பொட்காஸ்ட்காரர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஆப் இறக்கு, சந்தா கொடு என்று அறுபது வயதுக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே கையில் உள்ள குழுவில் ஒரு குரல் பதிவைப் போடுவது இலகு. மோனோவில் 64 கிலோபிட் என்று வைத்தால் அரை மணி நேரம் 14 மெகாபைட் சொச்சம்தான். திருத்தாத ஸ்ரீரியோ மூலக் கோப்பு என்றால் அதே அரை மணி நேரம் 300 மெகாபைட்டைத் தாண்டும். நெல் விலை, குளத்து நீர்மட்டம், உரம் வந்த செய்தி, பூச்சித் தாக்கம் போன்றவற்றுக்கு எந்தப் பருவமும் சரிவராது. ஆவணியில் பதிந்த உர விபரத்தை ஐப்பசியில் யார் கேட்பது? அப்படியான நிகழ்ச்சி செய்ய நினைப்பவர் மேலே நான் சொன்ன எதையும் எடுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள், திருத்தமில்லாமல், செய்தி இருக்கும் நாளில் மட்டும் வட்ஸ்அப்பில் போடுங்கள். செய்தி இல்லாத கிழமையில் ஒன்றும் போடாதீர்கள். கமக்காரர் யாரும் அதற்காக உங்களைக் கோபிக்கப்போவதில்லை.

பருவகாரரும் இடைவெளி மாதங்களில் இதைப் பயன்படுத்தலாம், ஒரு எல்லையோடு. அடுத்த பருவத்துக்கு யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று குழுவில் கேளுங்கள். விசுவமடுவில் ஓர் ஐயா இருக்கிறார், துணுக்காயில் ஓர் அன்ரி இருக்கிறா என்று பெயர்கள் வந்து சேரும், ஆள் பிடிக்கும் அந்த ஒரு மணி நேரமும் மிச்சம். எபிசோட் மட்டும் போடாதீர்கள். இடைவெளியில் ஒன்றைப் போட்டால் அடுத்த கிழமையும் எதிர்பார்ப்பார்கள், பிறகு நீங்கள் திரும்பவும் வாராந்தக்காரர்.